நிலாவரை: அதன் மருத்துவ குணங்களும் வீட்டு உபயோகமும்

தென்காசி, குற்றாலம் பிரதேசம் மூலிகைகளுக்குப் பேர்போனது என்பதை யாவரும் அறிவர். சாரல் காலத்தில் அருவியில் நீராட வருவோர், ஊர் திரும்பும்போது உலர்ந்த வேர், பட்டை, விதை முதலியவற்றைக் கடைவீதியில் வாங்கிச் செல்வது நெடுநாளைய வழக்கம். எனினும், உலக மருந்துச் சந்தையில் திருநெல்வேலிச் சீமையின் பெயரை நிலைநாட்டிய மூலிகை மலைச்சாரலில் விளைவதன்று. அருவி நீர் எட்டாத கிழக்குப் புறத்துச் செம்மண், கரிசல் காடுகளில், மானாவாரியாகப் பயிராகும் நிலாவரையே அது. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகப் பல தேசங்களுக்கு ஏற்றுமதியாகும் இவ்விலையை விளைவிக்கும் குடும்பங்களிலேயே, அதனை எவ்வளவு, எப்போது, எவருக்குக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அளவறிந்து உண்டால் இது நல்ல மருந்து; அளவு தவறினால் உடலை வாட்டும் பொருள். ஆகவே இதன் குணத்தையும் உபயோகத்தையும் விவசாயிகள் அறிந்திருத்தல் அவசியம்.

பெயரும் வரலாறும்

நிலாவரைக்கு நிலவாகை, சூரத்து நிலாவரை என்னும் பெயர்களும் உண்டு. யூனானி வைத்தியர் இதனைச் சனா என்பர். அரபு மொழியிலுள்ள இப்பெயரே ஐரோப்பிய மொழிகளில் சென்னா என வழங்கலாயிற்று. தாவர நூலார் முன்பு காசியா அங்குஸ்டிஃபோலியா என்று குறித்த செடியை இக்காலத்தில் சென்னா அலெக்ஸாண்ட்ரினா என்னும் இனத்தில் அடக்குகின்றனர். ஆவாரை, சரக்கொன்றை, தகரை ஆகியவை இதன் உறவினச் செடிகள்.

இதன் தாயகம் அரேபியாவும், அதற்கு எதிர்க்கரையிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளுமாகும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் திருநெல்வேலியில் இதனைப் பயிரிட்டு லண்டனுக்கு அனுப்பிய இலை மிக உயர்ந்த தரமுடையதென மதிக்கப்பட்டது. அது முதல் எகிப்து வழியாக வந்த சரக்கு அலெக்ஸாந்திரியா நிலாவரை என்றும், இங்கிருந்து சென்றது திருநெல்வேலி நிலாவரை என்றும் மருந்து நூல்களில் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஐரோப்பிய இல்லங்களில் வயிற்று உபாதைக்குச் சீமைச் சாமந்திப்பூக் கஷாயம் எவ்வாறு வழக்கமோ, அவ்வாறே மலச்சிக்கலுக்கு இவ்விலையும் வழக்கமாயிற்று. சாமந்திப்பூவோ குளிர்ந்த பருவத்தை வேண்டுவது. நிலாவரையோ நமது வெயிலையும் வறட்சியையும் தாங்குவது.

செடியை இனங்காணுதல்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் குடியானவர்கள் இச்செடியை அவுரி என்றே அழைக்கின்றனர். ஆனால் பிற இடங்களில் அவுரி என்பது நீலச் சாயம் எடுக்கும் நீலியைக் குறிக்கும். தலைமயிருக்குச் சாயமிடுவதற்காக நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் அவுரிப் பொடி இந்த நீலியின் இலைப்பொடியே. ஒரே பெயரில் இரண்டு சரக்குகள் வழங்குவதால், பேதி மருந்தென நினைத்துச் சாயப்பொடியை உட்கொள்ளும் தவறு நேரக்கூடும். இரண்டையும் பின்வருமாறு வேறு பிரித்தறியலாம்.

நிலாவரையின் சிற்றிலை ஈட்டிமுனை போன்ற வடிவமும், சுமார் 2.5 முதல் 5 சென்டிமீட்டர் நீளமும் உடையது. அடிப்புறத்தில் நடு நரம்பின் இரு பக்கமும் சமமாக இராது. நன்கு உலர்ந்தது மஞ்சள் கலந்த பசுமையாயிருக்கும். பூ மஞ்சள் நிறம். காய் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். நீலியின் சிற்றிலையோ சிறியது, முட்டை வடிவமானது. உலர்ந்தால் கருநீலம் பாயும். அதன் பூ சிவப்புச் சாயல் கொண்டது. காய் மெல்லிய குச்சி போன்றது. பொடியாக்கிய பின் இவ்வடையாளங்கள் மறைந்துவிடும். ஆதலால் வீட்டு உபயோகத்திற்கு முழு இலையாக வாங்குவதே உத்தமம், பொடியாக வாங்கலாகாது.

இலை வேலை செய்யும் விதம்

நிலாவரையின் மருத்துவ குணத்திற்குக் காரணமான பொருள்கள் சென்னோசைடு எனப்படும். இவற்றில் முக்கியமான இரண்டை 1941-இல் சுவிட்சர்லாந்து தேசத்து ரசாயன அறிஞர் ஸ்டோல் என்பவரும் அவர்தம் குழுவினரும் பிரித்தெடுத்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இடம் பெற்றுள்ளது.

உட்கொண்ட சென்னோசைடு இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிய மாறுதல் அடையாமல் கடந்து செல்லும். பெருங்குடலை அடைந்த பின்னரே, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்துச் செயல்படும் பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் குடலின் அசைவைத் தூண்டுகிறது. மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சுவதையும் குறைக்கிறது. மலம் இளகி வெளியேறுவது இவ்விரண்டு காரணங்களாலேயே.

இதிலிருந்து முக்கியமானதோர் உண்மை விளங்கும். மருந்து பெருங்குடலை அடைந்து வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். இரவு ஒன்பது மணிக்குப் பருகினால், காலை ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே பலன் எதிர்பார்க்கத்தக்கது. இதை அறியாதோர், நள்ளிரவு வரை பலன் காணாமையால் மருந்து வேலை செய்யவில்லையென்று கருதி இரண்டாம் முறையும் பருகிவிடுகின்றனர். மறுநாள் கடும் வயிற்றுவலியும் நீர்ப்பேதியும் உண்டாவதற்கு இந்த அவசரமே காரணம்.

குணத்தைக் காப்பது பறிப்பும் உலர்த்துதலும்

வீட்டில் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது நிலத்தில் செய்யும் வேலையிலிருந்தே தொடங்குகிறது. இளம் இலையிலும் முற்றாத காயிலும் சென்னோசைடு மிகுந்திருக்கும். முற்ற முற்றக் குறையும். காம்பிலும் தண்டிலும் மிகக் குறைவு. ஆகையால் தண்டு கலந்த இலை எடை கூட்டுமேயன்றிக் குணம் கூட்டாது.

புரட்டாசி, ஐப்பசியில் மழையை ஒட்டி விதைப்பது வழக்கம். விதையின் தோல் கடினமானதாகையால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தல் நலம். செம்மண், மணல் கலந்த வண்டல், வடிகாலுள்ள கரிசல் ஆகியவை ஏற்றவை. நீர் தேங்கினால் செடி விரைவில் அழுகும். குற்றாலத்தை அடுத்த நஞ்சை நிலங்கள் இதற்கு ஏற்றவையல்ல என்பதன் காரணம் இதுவே. விதைத்த இரண்டு, மூன்று மாதங்களில் முதற் பறிப்பும், பின்னர் சுமார் ஒரு மாத இடைவெளியில் அடுத்த பறிப்புகளும் செய்யலாம். முதலில் தோன்றும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் மிகும். தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து கே.கே.எம். 1 என்னும் ரகம் வெளியிடப்பட்டுள்ளது.

பறித்த இலையை அன்றே நிழலில், காற்றோட்டமுள்ள களத்தில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டிவிட வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் உலரும். ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். கையில் எடுத்து மடக்கினால் இலை துவளாமல் முறிய வேண்டும். கடும் வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுக்கும். குவித்து வைத்தால் சூடேறிக் கறுக்கும். மாசியில் இறவையாக விதைத்தவர்களுக்குக் கடைசிப் பறிப்பு வைகாசி, ஆனியில் வரும். அப்போது தென்காசிக் கணவாய் வழியே வரும் சாரற்காற்றின் ஈரம் களத்திலுள்ள இலையைக் கெடுத்துப் பூசணம் பிடிக்கச் செய்யும். அக்காலத்தில் கூரையின்கீழ் மூங்கில் தட்டிகளில் உலர்த்துவது நன்று. பூசணம் கண்ட இலையை வெயிலில் காயவைத்து நல்ல இலையுடன் கலப்பது பெருந்தவறு. பூசண நஞ்சு வெயிலில் போவதன்று.

இலையே மருந்தாதலால், புழு கண்டவுடன் கடும் பூச்சிக்கொல்லிகளைத் தெளித்துவிட்டு மறுவாரம் பறிப்பதும் கூடாது. புழுக்களைக் கையால் பொறுக்கி அழித்தல் சிறு நிலங்களில் இயலக்கூடியதே.

வீட்டில் உபயோகிக்கும் முறை

வயது வந்த ஒருவருக்கு இரவு ஒரு வேளைக்கு உலர்ந்த இலை 1 கிராம் போதுமானது. 2 கிராமுக்கு மேற்படலாகாது. நல்ல இலையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு சென்னோசைடு இருக்கும். அதில் 1 கிராமில் 25 மில்லிகிராம் கிடைக்கும். நூற்றுக்கு நான்கு பங்குள்ள இலையாயின் அதே 1 கிராமில் 40 மில்லிகிராம் சேர்ந்துவிடும். ஒருநாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வழக்கமான அளவென்பதை நோக்கினால், கைப்பிடி அளவிலோ கரண்டி அளவிலோ போடுவது எவ்வளவு தவறென்பது விளங்கும். புதிதாக வாங்கிய இலையை முதல் முறை அரை கிராமளவில் தொடங்கிப் பார்ப்பதே விவேகம்.

நாள்தோறும் நிறுப்பது இயலாதெனின், சுத்தம் செய்த இலை 10 கிராமை ஒரு முறை சரியாக நிறுத்து, இருபது சம பங்காக்கிப் பொட்டலம் கட்டிவைக்கலாம். ஒவ்வொன்றும் அரை கிராம் ஆகும். பொட்டலங்களை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு, பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

தயாரிக்கும் முறை: காம்பு, குச்சி நீக்கிய ஒரு வேளை இலையை ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் படுக்கைக்குச் செல்லுமுன் பருக வேண்டும். நெடுநேரம் கொதிக்க வைத்தல் கூடாது. அதனால் வயிற்றைப் பிசையும் தன்மை மிகும் என்பது பழைய அநுபவம். சிறிது சுக்கு அல்லது சோம்பு சேர்ப்பது வழக்கம். சித்த வைத்தியத்தில் வழங்கும் நிலவாகைச் சூரணத்திலும் சுக்கு, மிளகு, ஓமம் முதலியன சேர்வதைக் காணலாம். மருந்து உண்ட நாளிலும் மறுநாளிலும் நீர் மிகுதியாகப் பருகுதல் அவசியம். சிறுநீர் மஞ்சளாகவோ செந்நிறமாகவோ மாறக்கூடும். அது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டுவதில்லை.

விலக்க வேண்டியவர்கள்

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்கலாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தாமாக உட்கொள்ளலாகாது. குடற்புண், குடல் அழற்சி, குடலடைப்பு உள்ளவர்களுக்கும், பேதியால் நீர்ச்சத்து குறைந்தவர்களுக்கும் இது ஆகாது. இதய நோய்க்கு டிஜாக்சின் உண்போரும், சிறுநீர் பெருக்கி மாத்திரை உண்போரும் விலக்க வேண்டும்.

யாவற்றிலும் முக்கியமானது ஒன்று. காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு நிலாவரை கொடுத்தல் மகா அபாயம். வயிற்றின் வலப்புறத்தில் வலியும், காய்ச்சலும், வாந்தியும் சேர்ந்து காணின் அது குடல்வால் அழற்சியாயிருக்கலாம். “வயிறு சுத்தமானால் வலி தீரும்” என்று பேதிக்குக் கொடுத்தால் அழற்சியுற்ற குடல்வால் வெடித்து உயிருக்கு ஆபத்து நேரிடும். அத்தகையவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே கடமை.

நாள்தோறும் உண்பதன் கேடு

அறுவடைக் காலத்தில் வெயிலில் உழைத்து, போதிய நீர் பருகாத ஒருவருக்கு மலச்சிக்கல் உண்டாகிறதென்று கொள்வோம். ஒரு நாள் நிலாவரை பருகிச் சுகம் காண்கிறார். மறுநாள் குடல் வெறுமையாயிருப்பதால் இயல்பாகவே மலம் கழியாது. அதனை மீண்டும் சிக்கலென்று எண்ணி மறுபடியும் பருகுகிறார். சில மாதங்களில் மருந்தின்றிக் காலைக்கடன் இல்லையென்னும் நிலை வந்து, அளவும் மிகுகிறது. பேதியுடன் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து கழிவதால் கைகால் தளர்ச்சி காணும். மிகுந்தால் இதயத் துடிப்பும் தடுமாறும். ஆகையால் ஒன்றிரண்டு நாள் உபயோகமே தக்கது. எக்காரணத்தாலும் ஒரு வாரத்தைத் தாண்டும் தேவை ஏற்பட்டால் வைத்தியரைக் கலந்தே செய்ய வேண்டும். மலத்தில் இரத்தம் காணினும், உடல் காரணமின்றி மெலியினும் தாமதிக்கலாகாது.

நெடுநாளைய சிக்கலுக்கு முதல் மருந்து ஆகாரமே. கம்பு, கேழ்வரகு, கீரை, கொய்யா, தோலுடன் கூடிய பயறு ஆகியவற்றைச் சேர்த்து, வேலை செய்யும் இடத்துக்கு நீர்க்குடம் கொண்டு செல்வோருக்கு நிலாவரை அரிதாகவே தேவைப்படும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

பயிர்க் கணக்கில் அவுரி என்று மட்டும் எழுதினால், அது நிலாவரையா நீலியா என்பது தெரியாது. பயிரை நேரில் கண்டு, பூவையும் காயையும் நோக்கி, நிலாவரை என விளங்க எழுதுதல் நன்று. ஊர்க்கூட்டங்களில் மேற்கண்ட எச்சரிக்கைகளை எடுத்துக் கூறுவதும் பயன் தரும். சந்தேகமுள்ளவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, 1964-இல் தொடங்கப்பெற்ற பாளையங்கோட்டை அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம்.

சுருங்கச் சொல்லின்: இலையை இனங்கண்டு வாங்குக, நிறுத்து உபயோகிக்க, இரவில் ஒரு முறை மட்டும் பருகி விடியும்வரை பொறுத்திருக்க, காரணமறியா வயிற்றுவலிக்குக் கொடாதிருக்க. அயல்நாட்டு மருந்துச்சாலையில் இவ்விலை மில்லிகிராம் கணக்கில் அளக்கப்படுகிறது. அதனை விளைவித்த வீட்டிலும் அதே கவனத்துடன் அளக்கப்படுமாயின், மானாவாரிக் காட்டின் இச்சிறு செடி பணத்தோடு ஆரோக்கியத்தையும் தரும்.