மலை எந்தப் பக்கம்?

பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் இவ்வாண்டு செண்பகத்தோப்புக்குச் சிற்றுலா சென்றோம். இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலை எங்கள் இடப்பக்கமாகவே வந்தது. ஓடையில் கால் நனைத்து, மரக்கிளையில் ஒரு சாம்பல் நிற அணிலையும் கண்டு களித்து, மாலையில் திரும்பினோம். அப்போது எங்களுள் ஒருத்தி, "காலையில் இடப்பக்கம் இருந்த மலை இப்போது வலப்பக்கம் வந்துவிட்டதே!" என்றாள். பேருந்து முழுவதும் சிரிப்பொலி. அறிவியல் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இதை மறந்துவிடாதீர்கள். மரபணுப் பாடத்தில் தேவைப்படும்" என்றார்கள்.

மறு வாரமே அது தேவைப்பட்டது. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

இரண்டு இழைகள்

டி.என்.ஏ. முறுக்கிய ஏணி போன்றது என்று 1953-ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் கூறினர். அதன் இரு இழைகளும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. ஓர் இழையில் அடினைன் (ஏ) இருந்தால் எதிரே தைமின் (டி) இருக்கும். குவானைன் (ஜி) இருந்தால் எதிரே சைட்டோசின் (சி) இருக்கும். சில மரபணுக்களை ஓர் இழையிலும் மற்றவற்றை எதிர் இழையிலும் படிக்க வேண்டும். குரோமோசோமின் குட்டைக் கை முனையிலிருந்து எண்ணிக்கொண்டு செல்லும் திசையில் படிக்கும் இழைக்குக் கூட்டல் குறியும், மற்றதற்குக் கழித்தல் குறியும் இடுவது வழக்கம்.

கணிப்பொறியில் வரைதல்

மரபணுப் படம் வரையும் மென்பொருளுக்கு ஒரு பட்டியல் தருகிறோம். குரோமோசோம், தொடக்க எண், முடிவு எண், இழைக்குறி ஆகியவை அதில் இருக்கும். எந்த இழையானாலும் சிறிய எண்ணையே முதலில் எழுத வேண்டும். ஆகவே கழித்தல் இழை மரபணுவின் உண்மையான தொடக்கம் பெரிய எண் உள்ள முனையாகும்! இழைக்குறியைப் பார்த்துத்தான் மென்பொருள் அம்புக்குறியை இடமாகவோ வலமாகவோ வரைகிறது.

நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உரிய பீட்டா குளோபின் மரபணு 11-ஆம் குரோமோசோமில் கழித்தல் இழையில் உள்ளது. அதன் குடும்பத்தைப் பாடநூல்கள் எப்சிலான், காமா, டெல்டா, பீட்டா என்று இடமிருந்து வலமாக வரைகின்றன. ஆனால் கணிப்பொறித் திரையில் பீட்டா இடப்பக்கம் நிற்கும். அம்புகளும் இடப்பக்கமே பார்க்கும். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழக ஜீனோம் பிரௌசரில் 'ரிவர்ஸ்' பொத்தானை அழுத்தினால் படம் முழுவதும் திரும்பிப் பாடநூலோடு ஒத்துவிடும். ஜிவிஸ் என்னும் மென்பொருளிலும் இதற்கெனத் தனி அமைப்பு உண்டு.

தவறினால் என்ன?

1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடம் கதிர் அரிவாள் செல் பண்பைக் கண்டறிந்தனர். பீட்டா குளோபின் மரபணுவில் ஜி-ஏ-ஜி என்பது ஜி-டி-ஜி ஆவதே அதற்குக் காரணம். ஒரே எழுத்து! கூட்டல் இழையில் அதே இடம் சி-டி-சி என்பதிலிருந்து சி-ஏ-சி ஆகிறது.

அந்த நடு எழுத்தைக் கவனியுங்கள். மரபணுவின் இழையில் 'டி' என்றால் நோய்க்கு உரிய எழுத்து. கூட்டல் இழையில் 'டி' என்றால் நலமான எழுத்து! இழையைச் சொல்லாமல் எழுத்தை மட்டும் சொன்னால், நலமுள்ள குழந்தையை நோயுள்ளதென்றும், நோயுள்ள குழந்தையை நலமுள்ளதென்றும் கொள்ள நேரிடும். இந்நோயை 2047-க்குள் ஒழிக்க நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டில் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டுள்ள இந்நாளில், இது சிறு பிழையன்று.

நாங்கள் கற்ற மூன்று விதிகள்

1. பட்டியலில் இழைக்குறியை விடாதே. எண்களை இடம் மாற்றாதே.
2. திசை மாற வேண்டுமானால் படம் முழுவதையும் மென்பொருள் கொண்டு திருப்பு, பட்டியலைத் திருத்தாதே.
3. எந்த இழை, எந்தத் திசை என்பதைப் படத்தின் கீழ் எழுது.

மூன்றாவது விதியைச் சிஸ்டர் கரும்பலகையில் எழுதியபோது, பேருந்தில் பேசிய தோழி எழுந்து, "அப்படியானால் நான், 'இராஜபாளையம் நோக்கிச் செல்கையில் மலை வலப்பக்கம்' என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றாள். இம்முறை சிரித்தவர் சிஸ்டர் மட்டுமே. நாங்கள் எல்லோரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர்