கள்ளம் இல்லாத சொல் எது?

மணவாழ்வுக்கு வெளியே அமையும் உறவைப் பற்றிச் செய்தியோ மனுவோ எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது? இது குறித்து நிலவும் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்:

நம்பிக்கை: 'கள்ளக்காதல்' எல்லாருக்கும் புரியும், எழுதினால் தவறில்லை.

உண்மை: புரியும்தான். ஆனால், 'கள்ள' என்ற அடையிலேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது. சந்தேகப்பட்டு மனைவியைக் கொன்றவரின் செய்திக்கு 'கள்ளக்காதல் விவகாரத்தில் பெண் கொலை' என்று தலைப்பிட்டால், கொன்றவரின் சந்தேகம் உண்மையாகிவிடும். மறுத்துப் பேச இறந்தவர் வரமாட்டார். உறவு உறுதியானால் 'திருமணம் கடந்த உறவு' எனலாம். இல்லையேல் 'கணவர் சந்தேகப்பட்டார்' என்பதே போதும்.

நம்பிக்கை: 'தகாத உறவு' கண்ணியமான மாற்று.

உண்மை: தகும், தகாது என்பதும் எழுதுபவரின் கருத்துதான். இரத்த உறவுக்குள் நடப்பதற்கும் இதே சொல் வழங்குவதால் பொருளும் குழம்பும்.

நம்பிக்கை: மனுவில் 'விபசாரம்' என்று எழுதினால்தான் சட்டமொழி.

உண்மை: தமிழ் விவிலியத்தில் அச்சொல் மணத் துரோகத்தைக் குறிக்கும். இன்று படிப்பவர் பாலியல் தொழில் என்றே எடுத்துக்கொள்வார். சொல்ல வந்த குற்றச்சாட்டே மாறிப்போகும்.

நம்பிக்கை: 'வைப்பாட்டி', 'சின்ன வீடு' எல்லாம் பழைய வழக்கு, யாரையும் புண்படுத்தாது.

உண்மை: அவை பெண்ணை மட்டுமே சுட்டுகின்றன, வீடு எடுத்துக் கொடுத்த ஆள் எப்போதும் 'அவர்'தான். 2010இல் தமிழ்நாட்டு வழக்கொன்றின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே 'கீப்' (வைப்பாட்டி) என்று ஆங்கிலத்தில் எழுதியது. அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் அதைக் கண்டித்தார். 2023இல் அதே நீதிமன்றம் வெளியிட்ட கையேடு அச்சொல்லைத் தவிர்க்கச் சொல்கிறது.

நம்பிக்கை: திருமணம் கடந்த உறவு குற்றம், கடுஞ்சொல் பொருத்தமே.

உண்மை: அதைக் குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு முன்பும் தண்டனை ஆணுக்கு மட்டுமே. பெண்ணின் கணவர் இசைந்திருந்தால் குற்றமே இல்லை. ஆனால், இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இது இன்றும் விவாகரத்துக்குக் காரணம். ஆகவே மனுவில் இருக்க வேண்டியவர் 'குற்றவாளி' அல்ல, 'எதிர்மனுதாரர்'.

நம்பிக்கை: மென்சொல் எழுதினால் வழக்கு நீர்த்துப்போகும்.

உண்மை: நீதிமன்றம் கேட்பது சான்றுகளை. யார், எப்போது, எங்கே என்று எழுதிய மனுவுக்கு அடைமொழியின் தயவு வேண்டியதில்லை.