கிராபிக்ஸ் கார்டு மாற்றும் முன்…

மொரப்பூரில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவில் போய் இறங்குவதற்கு முன், வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். வி-சிங்க்கை அணைத்துவிட்டு, கேமின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கார்டில்தான். அப்படியே நின்றால் திணறுவது பெரும்பாலும் பிராசஸர். புதுக் கார்டுக்குக் கொட்டும் பணம் வீண்.

கரண்டை அணைத்து கேபினட்டைத் திறங்கள். கார்டின் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, இறக்கையில் அப்பியிருக்கும் தூசியை பிரஷால் தட்டுங்கள். சூடு அதிகமானால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்ததுமே பழைய கார்டு தெம்பாக ஓடுவதும் உண்டு.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால் பவர் சப்ளை லேபிளைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 சுமார் 170 வாட் இழுக்கும், 4060-க்கு 115 போதும். கேபினட்டில் கார்டு உட்காரும் நீளத்தையும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.