காமாலையும் கீழாநெல்லியும்

மழை பெய்த சில தினங்களில் வீட்டுக் கொல்லையிலும் வரப்போரங்களிலும் தானாகவே முளைத்தெழும் சிறு பூண்டு கீழாநெல்லி. இதன் இலைகள் புளியிலையைப் போல் இரு வரிசையாக அமைந்திருக்கும். இலைக் கொத்தைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் நெல்லிக்காயின் வடிவில் மிகச் சிறிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். தண்டு சிவந்து, காய்கள் சொரசொரப்பாகக் காம்பின்றி ஒட்டியிருப்பின் அது வேறு இனமாகும்.

மஞ்சட்காமாலை கண்டவருக்கு இப்பூண்டை வேருடன் பிடுங்கிக் கழுவி, அரைத்து, நெல்லிக்காயளவு எடுத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். விஞ்ஞானிகளும் இதனை ஆராய்ந்துள்ளனர். இரத்தத்தின் வழியாகப் பரவும் 'பி' வகைக் கல்லீரல் நோய்க்கிருமியை உடலில் தாங்கியிருந்தவர்களுக்குச் சென்னையில் இதன் பொடியை 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தனர். 37 பேரில் 22 பேருக்கு அக்கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது என 1988ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆயினும், பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில் இப்பலன் உறுதிப்படவில்லை.

ஆகவே, பூண்டை மட்டும் நம்பி வைத்தியரிடம் செல்லாதிருப்பது தவறு. காமாலை ஒரே காரணத்தால் வருவதன்று. அசுத்த நீரிலுள்ள கிருமி, மதுப்பழக்கம், பித்தநாளத்தை அடைக்கும் கல் ஆகிய எதனாலும் வரலாம். நீரால் பரவும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவதால், உண்ட மருந்தே குணப்படுத்தியதாக நாம் எண்ணுகிறோம். ஆனால் 'ஈ' வகைக் காமாலை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தாலும், எவருக்கேனும் அறிவு மயங்கினாலும், இரத்தம் கசிந்தாலும் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் முக்கியப் பொறுப்பு உண்டு. ஒரு தெருவில் பலருக்கு ஒரே சமயத்தில் காமாலை கண்டால், முதலில் குடிநீரைச் சந்தேகிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கிணற்று நீர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் தேவை. அதை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரைக் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் சென்றபின் நீர் இறைக்கலாம். சாக்கடை கலக்குமாறு உடைந்துள்ள குழாய்களையும் செப்பனிட வேண்டும். வீடுகளில் நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது நலம்.

கீழாநெல்லி கொல்லையில் வளரட்டும்; அதை உண்பதாயின் சித்த வைத்தியரின் ஆலோசனைப்படி உண்ணலாம். ஆனால் ஊரைக் காமாலையிலிருந்து காப்பது சுத்தமான குடிநீரே.