காலி டிரம்மும் ஒரு தீப்பொறியும்



வெல்டிங் பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்குக் கறுப்புக் கண்ணாடியும் கையுறையும்தான் ஞாபகம் வரும். ஒர்க்‌ஷாப்பில் அது ஓரளவு போதும். வெளியே சைட்டுக்குப் போனால், "இதுக்குள்ளே முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

யானைக்கவுனியானாலும் ராயபுரமானாலும், பட்டறைக்குப் பழைய டிரம் வந்தால் சொல்வது ஒன்றுதான்: "காலிதான் அண்ணே, சும்மா வெட்டுங்க." உண்மையில் நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் பொல்லாதது. நிறைந்ததில் காற்றுக்கு இடமில்லை. காலியானதிலோ அடியில் ஒட்டிய கொஞ்சம் திரவம் ஆவியாகிக் காற்றோடு கலந்து, தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

எத்தனாலை எடுத்துக்கொள்வோம். அதன் ஃப்ளாஷ் பாயிண்ட் சுமார் 13 டிகிரி செல்சியஸ். மார்கழியிலும் நம்ம சென்னையில் அவ்வளவு குளிர் ஏது? ஆகவே பற்றக்கூடிய ஆவி எந்த மாதமும் தயார். காற்றில் சுமார் 3.3 முதல் 19 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். 2023 டிசம்பர் இறுதியில் தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் முனையத்தில், எத்தனால் தொட்டியில் வெல்டிங் வேலையின்போது வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். யானைக்கவுனியிலிருந்து சில கிலோமீட்டர்தான்.

எனவே கழுவி, காற்றோட்டம் கொடுத்து, காஸ் மீட்டரால் சோதித்த பிறகே பெர்மிட்டில் கையெழுத்து. மூக்கை நம்பாதீர்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தால் மறுபடி சோதனை.

தொட்டி சுத்தமாக இருந்தாலும் நாமே வாயுவை உள்ளே கொண்டுபோய் விடுவதுண்டு. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் 'சாகர் பூஷண்' கப்பலின் தொட்டியில் வெடித்து ஐந்து பேர் மாண்டனர். காஸ் கட்டிங் கருவியிலிருந்து கசிந்த அசெட்டிலின்தான் காரணம் என்றார்கள். அசெட்டிலின் 2.5 சதவீதம் சேர்ந்தாலே போதும். வேலை நிறுத்தும்போது டார்ச்சில் மட்டும் அடைத்தால் போதாது. சிலிண்டரில் அடைத்து, ஹோஸையே வெளியே இழுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, தீக்காவல். யானைக்கவுனி மேம்பாலம் மாதிரி உயரத்தில் வேலை என்றால் பொறி எங்கே விழுகிறதென்று முகமூடி போட்ட வெல்டருக்குத் தெரியாது. சுற்றிலும் 35 அடிக்குள் எரியும் பொருள் கூடாது என்பது அமெரிக்க விதி. வேலை முடிந்தபின் அரை மணி நேரம் காவல் என்றிருந்ததை அவர்கள் 2019 பதிப்பில் ஒரு மணியாக்கினார்கள். நம் சைட்டில் சூப்பர்வைசர், "சும்மாதானே நிக்கறே, போய் ராடு எடுத்துட்டு வா" என்பார். அந்த நேரத்தில் ஹெல்பர் நகரக்கூடாது. ராடை வேறு யாராவது எடுத்து வரட்டும்.