திருப்புல்லாணியும் சேதுக்கரையும்

பாண்டிய நாட்டுத் திவ்யதேசங்கள் பதினெட்டனுள் ஒன்றாகிய திருப்புல்லாணி, இராமநாதபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. ஆதி ஜகந்நாதப் பெருமாளையும் பத்மாசனித் தாயாரையும் தர்ப்பசயன இராமனையும் சேவித்து, பாயசப் பிரசாதம் பெற்று, வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவோர் பலர். அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ 4 கி.மீ. சென்றால் மன்னார் வளைகுடாவின் கரை வரும். அச்சிற்றூரே சேதுக்கரை. பெயர் இரண்டாயினும் தலம் ஒன்றே. கடலைக் காணாது மீள்வோர் திருப்புல்லாணியைப் பாதியே சேவித்தவராவர்.

இந்நிலம் மணற்பாங்கான சமவெளி. வைகையாறு பெரும்பாலும் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயோடு ஓய்ந்துவிடுவதால், இவ்வூர்கள் வடகிழக்குப் பருவமழையையே நம்பி வாழ்கின்றன. பனையும் உடையும் தென்னையுமே கண்ணிற்படும் மரங்கள். பெரிய திருமொழியின் ஒன்பதாம் பத்தில் திருமங்கையாழ்வார் இத்தலத்திற்கு இரண்டு பதிகங்கள் அருளியுள்ளார். பிரிவாற்றாத தலைமகளின் நிலையில் நின்று பேசும் அப்பாசுரங்களில் பனையும் அன்றிலும் இடம்பெறுவதைக் காண்க. நெய்தல் நிலத்தின் ஏக்கத்தை ஆழ்வார் ஏன் இங்கே வைத்தார் என்பது, உச்சிப்பொழுதில் பனைகளினூடே கடலை நோக்கி நடப்பவருக்கு எளிதில் விளங்கும். புராணம் இவ்விடத்தைப் புல்லாரண்யம் என்கிறது. தர்ப்பைப் புல் மண்டிய காடு என்பது பொருள்.

அப்புல்லின்மேல்தான் சக்கரவர்த்தித் திருமகன் மூன்று இரவுகள் கடலரசனை நோக்கிக் கிடந்தான் என்பது தலவரலாறு. விபீஷணன் இலங்கையை விட்டு வந்து சரணம் புகுந்ததும் இக்கரையிலேயே என்பர். வேதாந்த தேசிகர் அபயப்ரதான சாரம் என்னும் தனிநூல் இயற்றி விளக்கிய சரணாகதி அது. ஒரே கரையில் இரண்டு சரணாகதிகள்! அடியவனது வேண்டுதல் அக்கணமே பலித்தது. ஆண்டவன் கடலிடம் செய்த வேண்டுதலோ, அவன் வில்லை எடுக்கும்வரை பலிக்கவில்லை.

இங்கு வருவோர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அணையைப் போன்ற மணல்திட்டுகள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே அல்லவா உள்ளன? சேதுக்கரையோ அதற்கு மேற்கே அறுபது கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறதே? சேது என்பதை அத்திட்டுகளின் பெயராக மட்டும் கொள்வதால் வரும் மயக்கமே இது. பழைய யாத்திரை முறையில் உப்பூர், தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, இராமேசுவரம், தனுஷ்கோடி ஆகிய யாவும் சேதுவைச் சேர்ந்தவை. அக்கரைநாடு முழுவதையும் காத்தமையால்தான் இராமநாதபுரத்து மன்னர் சேதுபதி எனப்பட்டனர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் தம் நாணயங்களில் 'சேது' என்றே பொறித்தனர்.

இக்கரை வாணிபத்திலும் பெயர் பெற்றது. கிழக்கே பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த ஆய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. மேற்கே கீழக்கரை, முத்தும் சங்கும் குளித்தெடுத்தோரின் ஊர். எம்பெருமானின் திருக்கையில் விளங்கும் சங்கின் இனம் விளைவதும் இக்கடலிலேதான்.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இரயில் யாத்திரிகரை நேரே தீவுக்குள் கொண்டு சேர்த்தது. நடைவழியில் தங்கித் தங்கிச் சென்ற காலம் மறைய, இடைப்பட்ட தலங்கள் வழியினின்று விலகிப்போயின. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி நகரமே அழிந்தது. அதற்குச் சென்ற இருப்புப்பாதையும் போயிற்று.

சேதுக்கரையின் கடல் ஆழமற்றது, பெரும்பாலும் அமைதியானது. கரைக்கு அப்பால் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளே அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. சுண்ணாம்புக்காக அப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தனர். தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அலைக்குக் கீழே கடற்புல் பரந்து வளர்கிறது. கடற்பசுவுக்கு அதுவே உணவு. கரையில் புல்லாரண்யம் இருந்ததாகச் சொல்லும் ஊருக்குக் கடலினுள்ளும் ஒரு புல்வெளி வாய்த்திருக்கிறது.

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இக்கரை நிறைந்துவிடுகிறது. விடியுமுன் கடலாடி, பிதுர்க்கடன் முடித்து, கடலை நோக்கி நிற்கும் ஆஞ்சநேயரைத் தொழுது, ஈர உடையோடு திருப்புல்லாணிச் சந்நிதிக்குச் செல்வோரை அந்நாட்களில் சாலை நெடுகக் காணலாம்.