வட்டைத் துரத்தும் நாய் கணக்குப் போடுகிறதா?

வீட்டு நாயோடு திடலில் பறக்கும் வட்டு விளையாடியிருக்கிறீர்களா? வேறொன்றுமில்லை, பிளாஸ்டிக் தட்டுதான்; ஃபிரிஸ்பீ என்றால் உங்களுக்கு உடனே தெரியும். மணிக்கட்டைச் சுண்டி வீசுகிறீர்கள். வட்டு முப்பது மீட்டர் தூரம் பறக்கிறது, போகிற போக்கில் இடது பக்கம் வளைகிறது, கடைசியில் ஒரு நொடி காற்றில் மிதக்கிறது. நாய் தலையைத் தூக்கியபடியே ஓடி, சரியான இடத்தில் சரியான நேரத்தில் எம்பி, வாயால் கவ்விவிடுகிறது. அந்த வட்டின் பாதையைத் தாளில் கணக்கிடச் சொன்னால் பல்கலைக்கழக மாணவர்கூட கணினியைத் தேடுவார். நாய்க்கு மட்டும் அது எப்படி முடிகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், வட்டை எப்படி வீச வேண்டும், எப்படி வீசவே கூடாது என்பதும் தெரிந்துவிடும். நாயின் முழங்கால் தப்புவதும் அதைப் பொறுத்ததுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1974 ஆகஸ்ட் 5ஆம் தேதி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள டாட்ஜர் அரங்கில் பேஸ்பால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. ஆட்டத்தின் இரண்டு சுற்றுகளுக்கு இடையே அலெக்ஸ் ஸ்டெய்ன் என்ற கல்லூரி மாணவர் மைதானத்துக்குள் குதித்தார். கூடவே அவருடைய நாய், ஆஷ்லி விப்பெட். யாருக்கும் தெரியாமல் அதை அரங்குக்குள் கொண்டுவந்திருந்தார்! அவர் வட்டை வீச வீச, ஆஷ்லி பாய்ந்து பாய்ந்து பிடித்தது. பல நிமிடங்கள் ஆட்டமே நின்றுபோனது. கடைசியில் காவலர்கள் ஸ்டெய்னை வெளியே கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே நாய்களுக்கான வட்டுப் போட்டி தொடங்கிவிட்டது. முதல் மூன்று ஆண்டுகளும் ஆஷ்லிதான் வெற்றியாளர். அது ஒன்பது அடி உயரம் எம்பியதாக இன்றும் எழுதுகிறார்கள். அந்த அளவை நான் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வேன். ஆனால் ஒரு நாயின் பாய்ச்சல் ஓர் அரங்கையே நிறுத்தி வைத்தது உண்மை.

இன்று பல நாடுகளில் இது முறையான போட்டி. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை தடவை, எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்று புள்ளி போடுவது ஒரு வகை. இசையோடு பல வட்டுகளை வைத்து வித்தை காட்டுவது இன்னொரு வகை. பரிசுக்காக இல்லாமல், சும்மா மாலை நேரப் பொழுதுபோக்காக விளையாடுகிறவர்களே அதிகம்.

வட்டு ஏன் பறக்கிறது?

கல்லை வீசினால் விழுகிறது, வட்டை வீசினால் மிதக்கிறது. காரணம் இரண்டு: தூக்குவிசை, சுழற்சி.

வட்டின் முன்விளிம்பு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து காற்றைக் கிழிக்கும்போது, அது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று வட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதே நேரத்தில் வட்டின் மேற்புறத்தில் காற்று வேகமாகப் பாய்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. இவை இரண்டு தனித்தனி விசைகள் அல்ல. ஒரே விசையை இரண்டு விதமாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். மேற்புறக் காற்று அதிக தூரம் போக வேண்டியிருப்பதால் விரைந்தோடி, கீழே வரும் காற்றோடு மறுபடி சேர்ந்துகொள்கிறது என்று ஒரு விளக்கத்தை எங்காவது படித்தால் நம்பாதீர்கள். அப்படிச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று காற்றுக்கு எந்த விதியும் இல்லை.

நாய்களுக்கான வட்டு ஒன்றின் நிறை 110 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய 1.1 நியூட்டன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், இரண்டு மூன்று பாகை சாய்வே இந்த எடையைத் தாங்கப் போதும். ஆனால் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால், அதே சாய்வில் தூக்குவிசை கால்பங்காகிவிடும். காற்று தடுக்கத் தடுக்க வட்டு வேகம் இழந்து இறங்குவது அதனால்தான்.

சரி, சுழற்சி எதற்கு? சுழற்றாமல் வீசிப் பாருங்கள். வட்டு உடனே குப்புறப் புரண்டு விழும். தூக்குவிசை வட்டின் நடுப்புள்ளியில் அல்லாமல் பெரும்பாலும் சற்று முன்னால் செயல்படுகிறது. அதனால் மூக்கு மேலே எழும்பப் பார்க்கிறது. சுழலும் வட்டுக்குக் கோண உந்தம் உண்டு. உந்தத்தைப் பள்ளியில் மொமெண்டம் என்று படித்திருப்பீர்கள். இது சுழற்சிக்கு உரிய உந்தம். நிமிர்ந்து சுழலும் பம்பரம் விழாமல் நிற்பதும் இதனால்தான். கிளந்தானின் காசிங் பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால், தள்ளிய பக்கம் சாயாமல் அதற்குக் குறுக்கே நகரும். வட்டும் அப்படியே. மூக்கை மேலே தூக்கும் விசை, அதைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்க்கிறது. வலது கைக்காரர் உடலுக்குக் குறுக்கே கையை விரித்து வீசும் வட்டு, வேகம் குறைந்ததும் இடது பக்கம் வளைவது இதனால்தான்.

நாயின் கண்ணுக்கு என்ன தெரிகிறது?

இப்போது நாயிடம் வருவோம். வேகம், சாய்வு, சுழற்சி, காற்று எல்லாவற்றையும் அது கணக்கிடுகிறதா? இல்லை. டென்னிஸ் ஷாஃபர், மைக்கேல் மெக்பீத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நாயின் தலையில் சிறு கேமராவைக் கட்டி, வட்டைத் துரத்தவிட்டுப் படம் பிடித்தார்கள். 2004ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு காட்டியது இதுதான்: நாய், வட்டு எங்கே விழும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து அங்கே போய் நிற்பதில்லை. தூரத்து மரம், கட்டடம் போன்ற பின்னணியில் வட்டு நேர்கோட்டில், சீராக நகர்வதாகத் தன் கண்ணுக்குத் தெரியும்படி ஓடுகிறது. கோடு வளைவதாகத் தெரிந்தால் ஓட்டத்தின் திசையையோ வேகத்தையோ மாற்றி, அதை மறுபடி நேராக்கிக்கொள்கிறது. இப்படியே ஓடினால், வட்டு தரையை நெருங்கும் நேரத்தில் நாயும் அங்கே இருக்கும். வட்டு நடுவில் திசை மாறினாலும் கவலையில்லை. புதிதாக ஒரு நேர்கோட்டைத் தொடங்கிவிடும்.

உயரமாக வரும் பந்தைப் பிடிக்க ஓடும் மனிதர்களும் இதையேதான் செய்கிறார்கள். பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து மெக்பீத் குழுவினர் 1995இலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். கிரிக்கெட் பந்தைத் துரத்தும்போது நீங்களும் செய்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

இதிலிருந்து கிடைக்கும் செய்தி முக்கியமானது. வட்டைச் சந்திக்கும் அந்தக் கணம் வரை, எங்கே, எந்த உயரத்தில், உடல் எந்தக் கோணத்தில் இருக்கும்போது பிடிக்கப் போகிறோம் என்று நாய்க்குத் தெரியாது. தரையிறங்குவதைப் பற்றி அது யோசிப்பதே இல்லை. வட்டு பின்னால் போனால் முதுகை முறுக்கித் திரும்பும். தலைக்கு மேலே மிதந்தால் செங்குத்தாக எம்பும். எங்கே கொண்டுபோனாலும் வரும். ஆகவே நாய் எப்படித் தரையிறங்கப் போகிறது என்பதை உங்கள் கைதான் முடிவு செய்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 கிலோ நாய் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. நான்கு கால்களையும் மடக்கி, 20 சென்டிமீட்டர் தூரத்தில் உடலை நிறுத்தினால், தரை அதன்மேல் செலுத்தும் சராசரி விசை ஏறக்குறைய 1,200 நியூட்டன். நான்கு கால்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதே நாய் செங்குத்தாக எம்பி, பின்னங்கால்களில் விறைப்பாக இறங்கி, ஐந்தே சென்டிமீட்டரில் நின்றால்? ஏறக்குறைய 4,200 நியூட்டன், அதுவும் இரண்டு கால்களின்மேல். கூடவே முதுகு முறுக்கியிருந்தால், பின்முழங்காலின் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை வரை போகலாம். நாய்களிடம் அடிக்கடி காணப்படும் காயம் அது.

எனவே வட்டைத் தாழ்வாக, தட்டையாக, நன்றாகச் சுழற்றி, நாய் ஓடும் திசையிலேயே வீசுங்கள். ஓட்டத்தை நிறுத்தாமல், தன் தலை உயரத்தில் அது கவ்வ வேண்டும். முன்விளிம்பை மிகவும் தூக்கி வீசினால், காற்றுத்தடை கூடி வட்டு வேகமிழந்து ஒரே இடத்தில் மிதக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். செங்குத்துப் பாய்ச்சலுக்கு நாயை இழுப்பதும் அதுவே. கைப்பேசியில் பகிரப்படும் படங்களில் நாய் ஆகாயத்தில் வில்லாய் வளைந்து நிற்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். படத்தில் தரையிறங்கும் காட்சி இருக்காது.

குட்டி நாயை எம்பவே விடக் கூடாது. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. அவை கெட்டியாக ஏறக்குறைய ஒரு வயதாகும், பெரிய இன நாய்களுக்கு ஒன்றரை வயது வரைகூட ஆகலாம். அதுவரை வட்டைத் தரையில் சக்கரம்போல் உருட்டிவிடுங்கள். துரத்தட்டும், கவ்வட்டும், கொண்டுவந்து கொடுக்கட்டும். வளர்ந்த நாய்க்கும் முதல் பாடம் இதுதான். கவ்வியதைக் கொடுக்க மறுத்தால் பிடுங்காதீர்கள். இரண்டாவது வட்டு ஒன்றைக் காட்டினால் முதலாவதைத் தானாகவே போட்டுவிடும்.

வட்டும் சரியானதாக இருக்க வேண்டும். மனிதர்கள் ஆடும் 175 கிராம் வட்டு கனமானது, கடினமானது, பல்லுக்கு ஆபத்து. நாய்களுக்கென விற்கும் மென்மையான, வளையும் வட்டையே வாங்குங்கள். விளிம்பு கிழிந்ததும் வீசிவிடுங்கள், ஈறை அறுக்கும். நிறம்? நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு உயிரணுக்கள், நாயின் கண்ணில் இரண்டு. சிவப்பு வட்டு அதற்குப் பச்சைப் புல்லில் கரைந்துபோகும். நீலம் பளிச்சென்று தெரியும்.

நம் ஊர் வெயில்

அமெரிக்கக் காணொளிகளில் இருக்காத ஒரு சிக்கல் நமக்கு உண்டு: வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தே இருக்கின்றன. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைக் குறைக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மெதுவாகும். நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

வட்டுக்கு அடிமையான நாய் தானாக நிறுத்தாது. நீங்கள்தான் நிறுத்த வேண்டும். வெயில் ஏறுமுன் காலையில், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு ஐந்து நிமிடம் விளையாடி, நிழலில் ஓய்வும் தண்ணீரும் கொடுங்கள். நாக்கின் நுனி அகன்று கரண்டிபோல் வளைந்தால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள், விசிறுங்கள், பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இந்த விளையாட்டே வேண்டாம்.

இன்னொன்று: நகராண்மைக் கழகப் பூங்காக்கள் பலவற்றில் நாய்களுக்கு அனுமதி இல்லை. வாசலில் உள்ள பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

செய்து பாருங்கள்

திடலில் நண்பரை டென்னிஸ் பந்தை உயரமாக வீசச் சொல்லுங்கள். முதல் பத்து தடவை நகராமல் நின்று, பந்து உச்சிக்குப் போகுமுன் அது விழப்போகும் இடத்தைக் கையால் காட்டுங்கள். காட்டிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். அடுத்த பத்து தடவை ஓடிப் பிடியுங்கள். எத்தனை பிடித்தீர்கள் என்று எண்ணுங்கள். எது எளிது, ஏன்? இந்தச் சோதனையில் நாயை மட்டும் சேர்க்காதீர்கள். அளப்பதற்கு முன்பே பந்து காணாமல் போய்விடும்.